ஒரே படிக்கட்டில் முறிந்த இரண்டு கைகள்

அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள். மூத்தவளைப் பெரியவள் என்றும் இளையவளைச் சின்னவள் என்றும் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவர்களுடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் நினைவிருக்கும் என்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

பெரியவளுக்கு வயது நாற்பத்து மூன்று. ஒரு பேக்கரியில் கேக்கின் மேல் கிரீம் போடுகிற வேலை, பதினாறு வருடமாக. கூம்பாகச் சுருட்டிய பையில் கிரீமை நிரப்பி, கையை அந்தரத்தில் நிறுத்தி, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு அழுத்து, ஒரு திருப்பு. ஒரு ரோஜாப்பூ வந்து உட்காரும். அவள் எழுதும் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். கடையில் அவளை மிஞ்ச ஆளில்லை. அங்கே அவள் ராணி. ஆனால் ராணி வீட்டு வாசற்படியை மிதித்ததும் ரெண்டாம் பட்சமாகிவிடுவாள். அவளுடைய கணக்குப்படி, அது சின்னவள் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நடக்கிறது.

சின்னவள் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். மூக்குக் கண்ணாடியின் ஊசி முனை அளவு திருகாணிகளைக் கழற்றி மாட்டுகிற கை அவளுக்கு. யாரிடமும் குரலை உயர்த்த மாட்டாள். அதுதான் பெரியவளுக்கு எரிச்சல். சண்டை போட்டாலாவது ஒரு பிடி கிடைக்கும். மாடியில் இரண்டு ஜன்னல் வைத்த அறையைப் பெரியவள் கேட்டு வருடக்கணக்கில் கிடைக்கவில்லை. சின்னவள் கேட்காமலே கிடைத்தது. மழை பெய்தால் கொழுந்தன் குடையை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கடை வாசலில் போய் நிற்பான். பெரியவளின் கணவர் பஸ் டிப்போவில் நேரம் குறிக்கிற வேலை செய்பவர். ஊரில் ஓடுகிற எல்லா பஸ்ஸும் எத்தனை மணிக்கு எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியும், மனைவி நனைந்துகொண்டு வந்தது மட்டும் தெரியாது. "அட, மழையா பெய்யுது?" என்பார்.

இப்படிப் பன்னிரண்டு வருடம் உள்ளுக்குள்ளேயே புழுங்கிக்கொண்டிருந்தவளிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னவள் வந்து, "அக்கா, என் ரூம்ல இருக்கிற கண்ணாடி மேசை எனக்குப் பெருசா இருக்கு. நீங்க எடுத்துக்குறீங்களா?" என்று கேட்டாள்.

மூன்று இழுப்பறை, ஆள் உயரக் கண்ணாடி, கருத்த மரம். பெரியவளுக்கு அதன்மேல் நெடுநாளாக ஒரு கண். "பார்க்கலாம்" என்று வாயால் சொல்லிவிட்டு, மனசால் அதை அப்போதே தன் அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

"அவங்க ரெண்டு பேரும் வந்ததும் தூக்கிக்கலாம் அக்கா."

"அவங்க வந்து தூக்கறதுக்குள்ள அடுத்த வருஷம் வந்துரும். நீ மேல பிடி, நான் கீழ பிடிக்கிறேன்."

சின்னவள் மனசு மாறிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் பெரியவளின் அவசரம். இருவரும் தூக்கினார்கள். பெரியவள் பின்பக்கமாகவே படி இறங்கினாள். படிக்கட்டு திரும்புகிற இடத்தில் ஒரு படி குறுகலாக இருக்கும். தினமும் ஏறி இறங்குகிற படிதான். கால் அதைத் தேடியது, கிடைக்கவில்லை. அவள் பின்னால் சாய, மேசை அவள்மேல் வர, மேலே பிடித்திருந்த சின்னவள் பிடியை விடவில்லை. மேசை பாதியில் நின்று, பக்கவாட்டில் திரும்பி, சுவரில் மோதி, அவளையும் இழுத்துக்கொண்டு வந்தது. கண்ணாடி உடைந்த சத்தத்தில் எலும்பு உடைந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

இருவருக்கும் வலது கை. இருவருக்கும் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில்.

ஆஸ்பத்திரியில் இருவரையும் அடுத்தடுத்த கட்டிலில் போட்டு நடுவில் ஒரு பச்சைத் திரையை இழுத்துவிட்டார்கள். எலும்பு டாக்டர் ஒரு பெண்; தொண்டை கட்டின குரல், வேகமான நடை. எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பலகையில் செருகிப் பெரியவளுக்குக் காட்டினார். நடு எலும்பில் சாய்வாக ஒரு கோடு.

"மேல்கை எலும்பு உடைஞ்சா எல்லாருக்கும் ஒரே வைத்தியம் கிடையாதும்மா. தோள்ல இருக்கிற பந்து நொறுங்கிப்போன வயசானவங்களுக்கு பந்தையே மாத்துவோம். நடுவுல உடைஞ்சா சிலருக்கு எலும்புக்குள்ள கம்பி விடுவோம், சிலருக்கு பிளேட் வச்சு ஸ்க்ரூ போடுவோம். உங்களுக்கு அதெல்லாம் வேண்டாம். எலும்பு ஓரளவு நேரா நிக்குது, தோல் கிழியல, விரல் எல்லாம் அசையுது. பத்து நாள் மாவுக்கட்டு. அப்புறம் கைய சுத்தி ஒரு பிரேஸ் மாட்டிவிடுறேன். தானா சேர்ந்துரும்."

"அவளுக்கு?" என்று பெரியவள் திரையைப் பார்த்துக் கேட்டாள்.

"அவங்களுக்கு எலும்பு தோலைக் குத்திட்டு வெளிய வந்துருச்சு. கழுவி, பிளேட் வச்சே ஆகணும். இன்னைக்கே."

பிறகு டாக்டர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "கை தொங்கணும். கையோட கனமே எலும்பை நேரா இழுத்துப் பிடிக்கும். அதுதான் இந்த வைத்தியமே. முழங்கையை மேசை மேல, தலகாணி மேல, எதுமேலயும் ஊனக் கூடாது. ஊனினா கீழ்த்துண்டு மேல்துண்டை முட்டித் தள்ளிரும். தூங்கறதும் சாஞ்சு உக்காந்துதான். புரிஞ்சுதா?"

பெரியவள் தலையாட்டினாள். காதில் விழுந்தது வேறு. திரைக்கு அந்தப் பக்கம் நாலு பேர் ஓடினார்கள். கொழுந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான். சக்கரக் கட்டில் உருண்டு போனது. இந்தப் பக்கம் அவள் கணவர், "நல்ல வேளை, உனக்கு ஒன்னுமில்ல" என்றார்.

ஒன்றுமில்லையாம். கை இரண்டு துண்டாகக் கிடக்கிறது, ஒன்றுமில்லையாம்.

ஐந்தாம் நாள் சின்னவளை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அன்றைக்கே நாத்தனார் பெட்டியோடு வந்து இறங்கினாள். கணவருக்கு மூத்த அக்கா, ஒரு பள்ளிக்கூட விடுதியில் வார்டன். ஐம்பது பிள்ளைகளை விரலசைவில் ஆட்டி வைக்கிறவள். வந்த வேகத்தில் சமையலறையைக் கையில் எடுத்துக்கொண்டாள். "ஒரு வீட்டுல ரெண்டு வலது கை போச்சுன்னா அடுப்ப யாரு பத்த வைக்கிறது?" என்றாள். எல்லாம் சரிதான். ஆனால் சூப்பு வைத்தால் முதல் கிண்ணம் மாடிக்குப் போனது. "அவ ஆபரேஷன் ஆனவ" என்றாள் நாத்தனார். அந்த வீட்டில் அது ஒரு பட்டம் போல ஆகிவிட்டது.

பார்க்க வந்தவர்கள் இன்னும் மோசம். நேரே மாடி. அங்கே கொழுந்தன் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பான். வெள்ளை வெளேரென்று ஒரு பிளேட், அதில் வரிசையாக எட்டு ஸ்க்ரூ. "அடேயப்பா!" என்று மேலே கேட்கும் சத்தம் கீழே உட்கார்ந்திருக்கும் பெரியவளின் வயிற்றில் போய் விழும். இறங்கி வரும்போது அவர்கள் பெரியவளிடம் நின்று, "உங்களுக்கும் அடியாமே? பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டுவார்கள். அவளுடைய எக்ஸ்ரே படம் உறையோடு அலமாரி மேல் கிடந்தது. அதில் காட்டுவதற்கு என்ன இருக்கிறது, ஒரு கோடு.

பத்து நாள் கழித்து மாவுக்கட்டை எடுத்துவிட்டு பிரேஸ் மாட்டினார்கள். இரண்டு பிளாஸ்டிக் ஓடு, நடுவில் கை, இறுக்கிக் கட்ட நாலு பட்டை. கழுத்திலிருந்து ஒரு துணிப்பட்டை மணிக்கட்டைத் தாங்கியது. அவளுக்குக் கொடுத்தது பிளாஸ்டிக், சின்னவளுக்கு இரும்பு. போதாததற்குச் சின்னவளின் மணிக்கட்டுக்கென்று தனியாக ஒரு பட்டை வேறு, சாம்பல் நிறத்தில், உள்ளங்கை வரைக்கும் வளைந்து, பார்க்கவே எடுப்பாக. பெரியவள் கணவரிடம் கேட்டாள்.

"ஏங்க, அவளுக்கு மணிக்கட்டுக்குக் கூட பட்டை குடுத்திருக்காங்க. எனக்கு ஏன் குடுக்கல?"

"உனக்குத்தான் மணிக்கட்டு நல்லா இருக்கே."

"அவளுக்கும்தான் மணிக்கட்டு உடையல!"

"டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றார். அவர் கேட்கவில்லை, கேட்க மாட்டார் என்று அவளுக்கும் தெரியும்.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்திருப்பாள். பொறுக்க முடியாமல் போனது தலைமுடி விஷயத்தில். வலது கை இல்லாமல் முடியைக் கட்ட முடியாது. காலையில் கொழுந்தன் மாடி வராந்தாவில் சின்னவளை நாற்காலியில் உட்கார வைத்து, பல்லில் ரப்பர் வளையத்தைக் கடித்துக்கொண்டு, சிக்கு எடுத்து, பொறுமையாகப் பின்னிவிட்டான். முதல் வாரம் கோணல்மாணலாக வந்தது. மூன்றாம் வாரத்தில் தேர்ந்துவிட்டான். பெரியவளின் கணவர் ஒரே ஒரு நாள் சீப்பை எடுத்தார். "ஆ!" என்று இவள் கத்த, "நீ ஆடாம இருந்தாத்தானே?" என்று அவர் சொல்ல, அதோடு சரி. அன்று முதல் அவள் முடியை நாத்தனார் கட்டினாள், விடுதிப் பிள்ளைக்குக் கட்டுகிற வேகத்தில், கண் மேலே இழுத்துக்கொள்கிற மாதிரி.

நாலாவது வாரம் சின்னவள் வலது முழங்கையை மடக்கி நீட்டினாள். நாத்தனார் அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்து பார்த்தாள். பெரியவளின் கையோ பிரேஸுக்குள் ஒரு பெண்டுலம் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே சில சமயம் எலும்பு லேசாக நகர்வது தெரியும். அப்போது உடம்பெல்லாம் கூசும். பிளேட் வைத்தால் ஒரு மாதத்தில் மடக்கலாம், பிளாஸ்டிக் மாட்டினால் தொங்கிக்கொண்டே கிடக்க வேண்டுமா? இதில் ஏதோ வஞ்சனை இருக்கிறது என்று அவள் முடிவுகட்டினாள். அவள் மடக்கினால் நானும் மடக்குவேன்.

அப்படித்தான் தொடங்கியது. யாரும் இல்லாதபோது பட்டையைக் கொஞ்சம் தளர்த்தினாள். சாப்பிடும்போது முழங்கையை மேசையில் ஊன்றினாள்; அப்பாடா என்று இருந்தது. உட்கார்ந்தே தூங்கச் சொன்னதை விட்டுவிட்டு, படுத்து, கைக்குத் தலையணை வைத்துக்கொண்டாள். ஆறாவது வாரம், நாத்தனார் கடைக்குப் போன நேரம் பார்த்து, பேக்கரிக்கே போய்விட்டாள். முதலாளி பதறினார். "ஒரே ஒரு கேக். கை மறந்துடும்" என்றாள். முழங்கையைப் பளிங்கு மேசையில் அழுத்தி ஊன்றிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, பதினொரு ரோஜாப்பூ போட்டாள். பன்னிரண்டாவது பூவில் கைக்குள் ஏதோ ஒன்று வழுக்கியது. கிரீம் பை கீழே விழுந்தது. அதற்குப் பிறகும் அவள் வாரம் இரண்டு முறை போனாள்.

சின்னவளுக்கு மட்டும் தெரிந்துபோனது. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், மெதுவாக, "அக்கா, முழங்கை..." என்றாள்.

"எனக்கு நீ என்ன டாக்டரா?"

சின்னவள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். பெரியவளுக்கு அன்று முழுக்க மனசு நிறைந்திருந்தது.

விழுந்து இரண்டு மாதம் ஆனபோது இருவரையும் ஆஸ்பத்திரி உடற்பயிற்சி அறைக்கு ஒரே நாளில் வரச் சொன்னார்கள். பெரியவள் கதவோரம் தன் முறைக்காக உட்கார்ந்திருந்தாள். உள்ளே பயிற்சியாளர் சின்னவளின் மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றினார். கழற்றியதும் அந்தக் கை அப்படியே மடங்கித் தொங்கியது, தண்ணீர் இல்லாத செடி மாதிரி. "தூக்குங்க" என்றார் அவர். சின்னவளின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. கை அசையவில்லை. "விரலையாவது நீட்டப் பாருங்க." விரல் நீளவில்லை.

வெளியே வந்த பயிற்சியாளரிடம் பெரியவள் கேட்டாள். "அவ கைக்கு என்னங்க?"

"எலும்ப ஒட்டி ஒரு நரம்பு போகுதும்மா. உடைஞ்சபோது அது நசுங்கிருச்சு. அறுந்து போகல, ஆபரேஷன் பண்ணும்போதே பார்த்துட்டாங்க. தானா வரணும். மூணு மாசம், நாலு மாசம் ஆகும். அதுவரைக்கும் மணிக்கட்டு தொங்காம இருக்கத்தான் அந்தப் பட்டை. உங்ககிட்ட சொல்லலையா?"

எடுப்பான சாம்பல் நிறப் பட்டை. அந்தக் கையால் இவள் எப்படிக் கண்ணாடியின் ஊசித் திருகாணியைப் பிடிப்பாள் என்று பெரியவள் நினைத்தாள். நினைத்ததும் உள்ளே எங்கோ சின்னதாக ஒரு குளிர்ச்சி பரவியது. நல்லா வேணும் என்றுகூட இல்லை. அவளுக்கும் ஒரு குறை இருக்கிறது என்கிற ஆறுதல். உடனே அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. மேசையை இறக்கச் சொன்னது யார்? அவசரப்படுத்தியது யார்? மேலே இருந்தவள் பிடியை விட்டிருந்தால் அந்த மேசை யார் நெஞ்சில் வந்து இறங்கியிருக்கும்? இந்தக் கேள்விகளை இரண்டு மாதமாக அவள் பக்கத்திலேயே அண்டவிடவில்லை. பொறாமைப்பட்டுக்கொண்டே இருந்தால் வேறு எதையும் நினைக்க நேரம் இருக்காது.

அதற்காக அவள் அன்றோடு திருந்திவிட்டாள் என்று சொல்வதற்கில்லை. அடுத்த வாரமே கொழுந்தன் புது ரப்பர் வளையம், நீல நிறத்தில், வாங்கி வந்ததைப் பார்த்து மறுபடியும் வயிறு எரிந்தது. பேக்கரிக்குப் போவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள்.

பதினாலாவது வாரம் இருவருக்கும் டாக்டரிடம் முறை. குடும்பமே கிளம்பிப் போனது. முதலில் சின்னவள். பட்டையைக் கழற்றி, "தூக்குங்க பார்க்கலாம்" என்றார் டாக்டர். தொங்கிய கை ஒரு நடுக்கத்தோடு, கொஞ்சம் கொஞ்சமாக, நேராக வந்து நின்றது. கட்டை விரலும் நிமிர்ந்தது. நாத்தனார் கைதட்டினாள். கொழுந்தன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

அடுத்து பெரியவள். டாக்டர் புதுப் படத்தை வெளிச்சப் பலகையில் செருகினார். நெடுநேரம் பார்த்தார். பழைய படத்தைப் பக்கத்தில் செருகினார்.

"சேரலியேம்மா" என்றார். "முதல்ல இருந்ததைவிட வளைஞ்சிருக்கு. நடுவுல இடைவெளி தெரியுது பாருங்க. இந்நேரம் இங்க புது எலும்பு மேகம் மாதிரி மூடியிருக்கணும். முழங்கையை ஊனினீங்களா?"

"இல்லையே, நீங்க சொன்னபடிதான் அவ இருந்தா" என்றார் கணவர். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

டாக்டர் சுற்றி இருந்தவர்களைப் பார்த்தார். சின்னவள் தன் கட்டை விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால்கூடப் பெரியவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு சண்டை கிடைத்திருக்கும்.

"ஊனினேன்" என்றாள் பெரியவள். "பேக்கரிக்கும் போனேன். படுத்துத்தான் தூங்கினேன்."

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள்.

"சரி" என்றார் டாக்டர். "எல்லாம் ஒழுங்கா பண்ணியும் சேராதவங்க இருக்காங்க. அதனால இதுதான் காரணம்னு அடிச்சு சொல்ல மாட்டேன். இப்போ பிளேட்தான் வைக்கணும். இடுப்பு எலும்புல இருந்து கொஞ்சம் எடுத்து இடைவெளில நிரப்பணும்."

ஆக, அவள் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம் வார்டில் துணைக்குச் சின்னவள் உட்கார்ந்திருந்தாள். வேறு யாரும் இல்லை. பெரியவள் கூரை விசிறியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"உனக்கு ஆபரேஷன் பண்ணாங்கன்னு எனக்குப் பொறாமை."

"என்னக்கா?"

"ஆமா. எட்டு ஸ்க்ரூன்னு பொறாமை. அந்த மணிக்கட்டுப் பட்டைமேலகூட பொறாமை. உன் தலைய அவன் பின்னிவிடுறதைப் பார்த்து... விடு. நான் ஒன்னு கேக்கணும். அன்னைக்கு மேசைய நீ ஏன் விடல? விட்டிருந்தா உனக்கு ஒன்னும் ஆகியிருக்காது. எனக்காகத்தானே பிடிச்சிருந்த? மூணு மாசமா அது என் தொண்டையில நிக்குது."

சின்னவள் எழுந்து அவள் போர்வையைச் சரிசெய்தாள். பிறகு, "விடணும்னுதான் பார்த்தேன் அக்கா" என்றாள். "இழுப்பறைக் கைப்பிடியில வளையல் மாட்டிக்கிச்சு."

பெரியவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. சின்னவளும் சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரி எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்கள். கை குலுங்கி வலித்ததில் பெரியவளுக்குக் கண்ணீர் வந்தது, நிற்கவும் இல்லை. வளையல் உண்மையா, இல்லை பெரியவளின் மனபாரத்தை இறக்கி வைக்கச் சின்னவள் அந்த நிமிடத்தில் சொன்ன பொய்யா என்று அவள் பிறகு எத்தனையோ தடவை யோசித்தாள். கேட்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கையைவிட, எலும்பு எடுத்த இடுப்பு அதிகம் வலித்தது. அதை யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை என்று டாக்டரிடம் சண்டை போட்டாள். பார்க்க வந்தவர்களிடம் எக்ஸ்ரே படத்தைக் காட்ட அவளுக்கு ஆர்வமில்லாமல் போயிற்று. நாலு மாதத்தில் எலும்பு சேர்ந்தது. கிரீம் பையைப் பிடிக்க ஐந்தாம் மாதம். கையைத் தலைக்கு மேல் முழுசாகத் தூக்க மட்டும் வரவில்லை, தோள் இறுகிப்போயிருந்தது.

நீச்சல் அடித்தால் தோள் விடும் என்று பயிற்சியாளர் இருவரிடமும் சொன்னார். சின்னவள் நகராட்சி நீச்சல் குளத்தில் சேர்ந்து, ஒரே வாரத்தில் தண்ணீரில் இலை மாதிரி மிதந்தாள். அதைக் கேள்விப்பட்ட பெரியவளும் போய்ச் சேர்ந்தாள். நாற்பத்து நாலு வயதில் முதல் முறையாகத் தண்ணீரில் இறங்கி, கல் மாதிரி அடிக்குப் போனாள். மேலே வந்து மூக்கில் ஏறிய தண்ணீரைச் சீறிவிட்டுப் பார்த்தால், சின்னவள் மறுகரையில் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாளிலிருந்து அவள் யாரிடமும் சொல்லாமல் ஒரு மணி நேரம் முன்னதாகவே குளத்துக்குப் போகத் தொடங்கினாள். நீச்சல் கற்றுக்கொடுத்தவர் வியந்தார். இந்த வயதில் இப்படி ஒரு வெறியோடு கை வீசுகிறவளை அவர் பார்த்ததில்லையாம். கோடை முடிவதற்குள் அவள் நிற்காமல் ஒரு தடவை அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தாள். வலது கை காதை உரசிக்கொண்டு மேலே போனது.